ஜெர்மன் மரியாதை

என் பெரிய மருமகள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேசியது ஒரே ஒரு மொழியில்தான். அது ஜெர்மன். தமிழில் என்றால், "ஏன் நடுவழியில நிக்கிறீங்க அத்தை, அந்தப் பக்கம் உக்காருங்க" என்பாள். அதையே ஜெர்மனில் சொல்லும்போது இடுப்பை லேசாக வளைத்து, கையை நீட்டி, "நேமன் ஸீ பிட்டே ப்ளாட்ஸ்" என்பாள். தயவுசெய்து அமர்ந்தருளுங்கள் என்று அர்த்தமாம். அமர்ந்தருள எனக்கும் ஆசைதான். ஆனால் துடைத்த தரை காய்வதற்குள் ஒருத்தி எழுப்பி எழுப்பி அமரச் சொன்னால் எந்த முழங்கால் தாங்கும்?

முதலிலிருந்தே சொல்கிறேன். எங்கள் குடும்பம் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. கடை என்று சொன்னால் பெரியவளுக்குக் கோபம் வரும், உணவகம் என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரும் சின்ன மகனும் அடுப்படியில். பெரிய மகன் பரிமாறுகிறான். நான் கல்லாவில். சின்ன மருமகள் உள்ளே காய் நறுக்குவதும் தட்டு துடைப்பதும். பெரியவள் வாசலில்.

வாசலில் நிற்பது என்றால் சும்மா நிற்பதில்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்தே அவர் எந்த மேஜைக்கு என்று முடிவு செய்ய வேண்டும். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி என்றால் சுவரோரம். கைக்குழந்தை என்றால் கை கழுவும் இடத்துக்குப் பக்கம். கடன்காரனுக்குப் பயந்த மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டே வருகிறவர் என்றால் தூணுக்குப் பின்னால். யாரையும் எங்கே உட்காருகிறீர்கள் என்று பெரியவள் கேட்கவே மாட்டாள். "வாங்க வாங்க, உங்களுக்குன்னே ஒரு இடம் வச்சிருக்கேன்" என்று அவள் முன்னால் நடப்பாள், அவர்கள் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் போவார்கள். அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். பாதிப் பேர் பசித்து வருகிறார்கள், மீதிப் பேர் அவளுக்குப் பயந்து வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் பஸ்காரர் வந்தார். சுற்றுலாப் பேருந்து ஓட்டும் கம்பெனியின் மேலாளர். நல்ல மனிதர், ஆனால் வேர்க்க வேர்க்கப் பேசுவார்.

"வாரம் ஒரு பஸ்ஸும்மா. எல்லாரும் வயசான ஜெர்மன்காரங்க. பகல்ல வழிகாட்டி ஒருத்தர் கூட வர்றார், சாயந்திரம் ஆனா அவர் வீட்டுக்குப் போயிடுவார். எனக்கு அந்தப் பாஷை ஒரு எழுத்து தெரியாது. உங்க வாசல்ல யாராவது அவங்க பாஷையில மரியாதையா ரெண்டு வார்த்தை பேசி உக்கார வச்சாப் போதும். முதல் தடவை நானும் வந்து பார்க்கிறேன். சரியா வரலைன்னா எதிர்க் கடையில கேட்டுக்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

அடுப்படிக் கதவிலிருந்து என் வீட்டுக்காரர் தலையை நீட்டி, "நம்ம சின்னவளுக்குத்தான் ஜெர்மன் தெரியுமே" என்றார். மாதம் முழுக்க வாயைத் திறக்காத மனுஷன், திறந்தால் இப்படித்தான்.

அவர் சொன்னது உண்மை. சின்னவள் நர்ஸ் படிப்பு முடித்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போகலாம் என்று வகுப்பெல்லாம் போய்ப் படித்தவள். நடுவில் என் சின்ன மகன் குறுக்கே வந்து கெடுத்தான். ஆனால் ஒரு சங்கடம். அந்தப் பெண்ணுக்குக் குரல் கிடையாது. ஊமை இல்லை, பேசுவாள். பேசுகிறாள் என்பது உதடு அசைவதை வைத்துத் தெரியும். உப்பு வேண்டும் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள்.

"எனக்கும் வரும் ஜெர்மன்," என்றாள் பெரியவள். "என்ன பெரிய ஜெர்மன்? அவங்களும் வாயாலதானே பேசறாங்க?"

பஸ்காரர் போன பிறகு கல்லாப் பக்கம் வந்து நின்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"வாசலை விட்டு என்னை எடுத்துட்டீங்கன்னா அப்புறம் நான் யாரு அத்தை? உள்ள உக்காந்து வெங்காயம் உரிக்கிறவளா?"

வெங்காயம் உரிப்பது கேவலமா என்று கேட்க நாக்கு துடித்தது. நான் இருபது வருஷம் உரித்தவள். கேட்கவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பஸ் வர்ற அன்னிக்கு யார் நல்லா செய்யறாங்களோ அவங்களே வாசல்ல நிக்கட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பொதுவாகச் சொன்னது என் தலையில் விடிந்தது.

மறுநாளே பெரியவள் செல்போனில் ஏதோ பாடத்தைப் பிடித்துவிட்டாள். உணவகத்தில் விருந்தினரை அமர வைக்க மரியாதையான வாக்கியங்கள். பழகிப் பார்க்க விருந்தினர் வேண்டுமே. கடை திறப்பதற்கு முன் நான்தான் விருந்தினர்.

"அத்தை, நீங்க வெளிய போயிட்டு உள்ள வாங்க. நான் கேக்கறதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தலையை ஆட்டினாப் போதும்."

வெளியே போனேன். உள்ளே வந்தேன். "கூட்டன் ஆபென்ட்," என்றாள். மாலை வணக்கம். காலை வெயில் முகத்தில் அடிக்கிறது. தலையை ஆட்டினேன். "ஹாபன் ஸீ ரெஸர்வியர்ட்?" முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறீர்களா? என் சொந்தக் கடையில். தலையை ஆட்டினேன். "வோ மெஷ்ட்டன் ஸீ ஸிட்ஸன்?" எங்கே அமர விரும்புகிறீர்கள்? தலையை ஆட்டினேன். "நட்யூர்லிஷ், கெர்ன!" என்று முகம் மலர்ந்தாள். அதற்கென்ன, சந்தோஷமாக என்று அர்த்தம். பிறகு "ஃபோல்கன் ஸீ மியா பிட்டே" என்று என்னைப் பின்னால் வரச் சொல்லி, அவள் ஏற்கெனவே நினைத்துவைத்திருந்த மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். எனக்கு எங்கே உட்கார விருப்பம் என்பதை எந்த மொழியிலும் அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் எவ்வளவு அழகான உச்சரிப்பு! வெள்ளைக்காரி வயிற்றில் பிறந்தவள் மாதிரி.

மதியம் கூட்டம் வடிந்ததும் சின்னவள் என் முந்தானையைப் பிடித்து மாவு மூட்டை வைத்திருக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

"அத்தை, நானும் ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கட்டுமா? அக்காகிட்ட சொல்லாதீங்க."

அவளுக்கும் ஆசை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த படிப்பு மாவு மூட்டைக்கு நடுவே வீணாகப் போகிறதே என்று அந்தப் பெண் எத்தனை நாள் நினைத்திருப்பாளோ. சரி என்றேன். ஆனால் இவளிடம் தலையாட்டினால் நடக்காது. வருகிறவர் என்னவெல்லாம் பதில் சொல்லக்கூடும் என்று அவளே சொல்லி, அவளே அதற்கு மறுமொழி சொல்லி, நடுவில் என்னையும் ஏதாவது சொல்லச் சொல்வாள். எல்லாம் ரகசியக் குரலில். வெளியே இருந்து யாராவது பார்த்திருந்தால் மாமியாரும் மருமகளும் யாரையோ விஷம் வைத்துக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் ஒருத்தி உட்கார வைத்தாள், மதியம் இன்னொருத்தி உட்கார வைத்தாள். ஒருத்தி விஷயம் இன்னொருத்திக்குத் தெரியக் கூடாது. என் வீட்டில் நான் இடம் கேட்டு உட்காரும் நிலைமை வந்துவிட்டது. ராத்திரி என் வீட்டுக்காரர், "சாப்பிட வாயேன்" என்றதற்கு நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தேனாம்.

பஸ் வந்த சாயங்காலம் இரண்டு பேரையும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலில் நிறுத்தினேன். பஸ்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் சின்னவள் பேசட்டும் என்று நானே சொன்னேன். பெரியவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மொழியிலும் மரியாதையான பெயர் கிடையாது.

உயரமான ஒரு பெரியவர் கைத்தடியோடு முதலில் உள்ளே வந்தார். சின்னவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. அவர் குனிந்தார். மறுபடி அசைந்தது. இன்னும் குனிந்தார். பின்னால் வந்தவர்கள், ஏதோ ரகசியம் சொல்கிறாள் போலிருக்கிறது என்று அவர்களும் கழுத்தை நீட்டினார்கள். வரிசை முழுக்க வளைந்து நின்றது. பஸ்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"கூட்டன் ஆபென்ட்!" என்றாள் பெரியவள். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

வளைந்து நின்ற வரிசை நிமிர்ந்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. முன்னாலேயே சொல்லி வைத்தீர்களா, எங்கே அமர விரும்புகிறீர்கள், என் பின்னால் வாருங்கள் என்று வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. சின்னவள் சாப்பாட்டு அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இவ்வளவு அழகாகக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லாமல் இருப்பார்களா? அவர்களும் அழகாக, விவரமாகச் சொன்னார்கள். தங்கள் பாஷை பேசும் ஒரு பெண் கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் வாய் ஓயாமல் சொன்னார்கள். பெரியவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவள் பழகியதெல்லாம் தலையாட்டும் மாமியாரிடம். ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும், "நட்யூர்லிஷ், கெர்ன!" என்று மலர்ந்து, தான் நினைத்த மேஜைக்குக் கூட்டிப்போனாள்.

சின்னவள் பின்னாலிருந்து முணுமுணுத்தது எனக்கே லேசாகக் கேட்டது.

"அக்கா, அவருக்குக் குளிர்காத்து ஆகாதாம்."

"சும்மா இரு."

கைத்தடிக்காரர் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். கழுத்துத் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார்.

"அக்கா, அந்த நீலச் சட்டைக்காரர் வழியெல்லாம் பேசியே கொல்றாராம். அவர் பக்கத்துல மட்டும் வேணாம்னு இவங்க ரெண்டு பேரும் சொல்றாங்க."

"நீ வாயை மூடிட்டு அட்டையைக் குடு."

அந்தத் தம்பதி நீலச் சட்டைக்காரருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் உடனே பேச ஆரம்பித்தார். குறை சொல்லலாம் என்றால் இவ்வளவு மரியாதையாக நடத்தும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்காரர் என் பக்கம் சாய்ந்து, "உங்க பெரிய மருமகள் பிரமாதம்மா" என்றார். நானும் பூரித்துப்போனேன். மறைப்பானேன்.

கடைசியாக ஒரு அம்மா தனியாக வந்தார். என் வயது இருக்கும். சாம்பல் நிற மேலங்கி, கையில் சின்னப் பை. பெரியவள் கேட்டதும் மெல்லிய குரலில் நிதானமாக ஏதோ சொன்னார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி சொன்னார்.

"நட்யூர்லிஷ், கெர்ன!" என்றாள் பெரியவள், எல்லாரிடமும் சொன்ன அதே மலர்ச்சியோடு.

தூணுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் மேஜை. அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டு, எதிரே இருந்த தட்டையும் கண்ணாடித் தம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள். அது நான் போட்ட சட்டம். தனியாக வந்தவருக்கு எதிரே காலித் தட்டு இருக்கக் கூடாது. சாப்பிட்டு முடிகிற வரை அது அவரையே பார்த்துக்கொண்டிருக்கும், உனக்கு யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும். எங்கள் கடையில் அந்த வேதனை யாருக்கும் வேண்டாம் என்று ஆரம்பித்த நாளிலிருந்தே வைத்திருக்கிறேன். அந்த அம்மா கையைப் பாதி நீட்டி, அப்புறம் மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் உள்ளேயிருந்து ஒரு தட்டும் தம்ளரும் எடுத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போனாள். எதிர்ப்பக்கம் வைத்தாள். துண்டை மடித்து வைத்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாசலில் தோற்றுவிட்ட ஆத்திரத்தை என் சட்டத்தின் மேலா காட்டுகிறாள்? எழுந்து போய் அவள் கையைப் பிடித்து அடுப்படி வாசலுக்கு இழுத்தேன். பெரியவளும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னடி நினைச்சிட்டிருக்கே? தனியா வந்தவங்க எதிர்ல காலித் தட்டு வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அவங்க கேட்டாங்க அத்தை."

"என்ன கேட்டாங்க?"

சின்னவள் பெரியவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு அவள் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது.

"இந்தப் பயணத்துக்கு அவங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணினாராம். கிளம்பறதுக்கு முன்னாடியே தவறிட்டாராம். தனியாத்தான் வந்திருக்கேன், ஆனா எதிர்ல அவர் தட்டு மட்டும் இருக்கட்டும், எடுத்துடாதீங்க, முடியுமான்னு கேட்டாங்க. அக்கா சரின்னு சொன்னாங்க."

நான் பெரியவளைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சட்டம் என்னுடையது. வேதனைப்படுத்தக் கூடாது என்று நான் போட்ட சட்டமே ஒரு பெண்ணின் எதிரிலிருந்து அவள் புருஷனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. அதையும் "சந்தோஷமாக" என்று சொல்லிக்கொண்டே எடுத்திருக்கிறோம்.

பெரியவள் திரும்பி வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். தெருப் பக்கம் பார்த்து நின்றாள்.

சாப்பாடு முடிந்தது. கைத்தடிக்காரர் தும்மிக்கொண்டே என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். நீலச் சட்டைக்காரர் இன்னும் பேசிக்கொண்டே பஸ் ஏறினார். பஸ்காரர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"அப்போ இனிமே வாரா வாரம் இவங்கதானேம்மா வாசல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சின்னவள், "ஆமா சார், அக்காதான்" என்றாள். அவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மாவு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தவள் நான்.

அந்தச் சாம்பல் மேலங்கி அம்மாதான் கடைசியாக எழுந்து வந்தார். பெரியவளுக்கு முன்னால் நின்று, மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பஸ்காரர் பக்கத்திலேயே சிரித்த முகமாக நின்றிருந்தார். ஒரு நட்யூர்லிஷ் போதும். வாசல் அவளுடையது. நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. பெரியவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

பிறகு உள்பக்கம் திரும்பி, தெருமுனை வரை கேட்கும் அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. இவங்க சொல்றது எனக்கு ஒண்ணுமே புரியலை. முதல்லேர்ந்தே யார் சொன்னதும் புரியலை. நீ கேட்டுச் சொல்லு."

பஸ்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்போ இவ்வளவு நேரம்..." என்று இழுத்தார்.

"வாசல்ல இவ நிப்பா சார். சத்தம் போட ஆள் வேணும்னா பக்கத்துல நான் நிக்கிறேன். அது உங்களுக்குச் சரியா வரலைன்னா எதிர்க் கடைதான் இருக்கே."

சின்னவள் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா மறுபடி சொன்னார். சின்னவள் ஏதோ பதில் சொன்னாள். இந்தத் தடவை அவர் குனியாமலேயே அவருக்குக் கேட்டது.

"அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பறப்போ இதே வழியாத்தான் வர்றாங்களாம் அக்கா. அதே மேஜை கிடைக்குமான்னு கேக்கறாங்க."

பெரியவள் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, எழுதிக்கோங்க. அடுத்த வாரம், தூண் பக்கத்து மேஜை."

நான் பேனாவை எடுத்தேன். "ஒரு ஆள்தானே?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ரெண்டு பேர்," என்றாள் பெரியவள்.